கால்காரி

என் வீட்டுக்காரி ஒரு கார்ட்டூன் படத்துக்காக மாசக்கணக்கில் வாத்துக்காலாகவே போட்டுக்கொண்டிருந்தாள். வரைந்தாள் என்று சொன்னால் அவளுக்கே பிடிக்காது. வரைகிறவர்கள் படக்கம்பெனியின் மாடியில் இருக்கிறார்கள். அவர்கள் பென்சிலால் காகிதத்தில் போடுவதை, கீழே கோடு இழுக்கும் பெண்கள் கண்ணாடித்தாளில் மையால் எடுப்பார்கள். அந்தத் தாளைக் குப்புறப் போட்டு, பின்பக்கமாகக் கோட்டுக்குள்ளே வர்ணம் நிரப்புவதுதான் இவள் வேலை. திருப்பிப் பார்த்தால் பிசிறு இருக்கக் கூடாது. அப்படி நிரப்பின தாள்களை ஒவ்வொன்றாகக் கேமராவுக்கு அடியில் வைத்துப் படம் பிடித்தால், திரையில் வாத்து நடக்கும்.

வாத்தின் உடம்பு ஒரு தாள், கால் வேறு தாள். உடம்பு அசையாமல் இருந்தாலும் கால் நடந்துகொண்டே இருக்க வேண்டுமாம். அதனால் கால் தாள்தான் குவியல் குவியலாக வரும். அந்த வர்ண அறையில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. கையில் என்ன இருக்கிறதோ அதுதான் பெயர். மழைக்குத் தாரை போடுகிறவள் மழைக்காரி. அலகுக்கு ஆரஞ்சு அடிக்கிறவள் அலகுக்காரி. இவள் கால்காரி.

"ஆளாளுக்கு மூக்கு, முழின்னு எடுத்துக்கிட்டாங்க. எனக்குன்னு பார்த்துக் காலைக் குடுத்திருக்காங்க, பாருங்க" என்பாள். வார்த்தையில்தான் சலிப்பு இருக்கும். குரலில் ஒரு மிடுக்கு இருக்கும்.

மிடுக்குக்குக் காரணம் உண்டு. கண்ணாடித்தாள் விலை அதிகம் என்பதால், படம் பிடித்து முடிந்த தாளைத் தூக்கிப் போட மாட்டார்கள். பின்கட்டில் பெரிய தொட்டி. அதில் ஊறப் போட்டு, துணியால் துடைத்து, கொடியில் காயப் போட்டு, அடுத்த காட்சிக்கு மறுபடி கோடு இழுக்க அனுப்புவார்கள். இவள் பல வருஷம் அந்தத் தொட்டியடியில் நின்றவள். மற்றவர்கள் பார்த்துப் பார்த்துப் போட்டதையெல்லாம் அழிக்கிற வேலை. விரல் நுனி ஊறி ஊறி, புழுங்கின அரிசி மாதிரி வெளுத்துக் கிடக்கும். வர்ண அறையில் ஆள் குறைந்தபோது, இவள் கை நடுங்காததைப் பார்த்துவிட்டு, அங்கே மேற்பார்வை பார்க்கும் மேஸ்திரியம்மா கூப்பிட்டு பிரஷ்ஷைக் கொடுத்தார். "இந்தப் படம் முடியட்டும். அப்புறம் யார் நிரந்தரம், யார் திரும்பத் தொட்டிக்குன்னு பார்க்கலாம்" என்று சொல்லித்தான் கொடுத்தார். ஆக, படம் முடிகிறவரை எங்கள் வீட்டில் பேச்சு ஒன்றுதான். பிரஷ்ஷா, தொட்டியா.

நான் சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். சின்ன வயசில் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. மீசை நரைத்த பிறகுதான், எங்கள் சங்கத்துக் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நடந்த எழுத்து வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அங்கே இருந்ததெல்லாம் குழந்தைப் புத்தகம். எழுத்துப் பெரிதாக இருக்கும் என்பதால் நூலகத்து அம்மா அதைத்தான் கொண்டு வருவார். லாரியை நொடியில் காலி செய்கிற ஆட்கள் வட்டமாக உட்கார்ந்துகொண்டு, "மு-ய-ல்-கு-ட்-டி" என்று வியர்க்க வியர்க்கக் கூட்டுவோம்.

கூட்டி முடித்தால் சண்டை. கரடி வீட்டில் எலி வேலைக்கு இருந்த கதை ஒன்று. எங்கள் ஆள் ஒருத்தன் புத்தகத்தை மூடிவிட்டான். "கரடி தினமும் சாப்பாடு போட்டுச்சுன்னு இருக்கு. கூலி குடுத்துச்சா இல்லையா, அதைச் சொல்லு முதல்ல."

"டேய், இது சின்னப் பிள்ளைக் கதைடா."

"அந்த வயசுலேயே இப்படிப் பழக்கினா, பிள்ளை பெரிசாகி என்ன கேட்கும்?"

நூலகத்து அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு புத்தகம் எடுப்பார். அப்படி எடுத்த ஒன்றைத்தான் ஒரு நாள் என் கையில் கொடுத்தார். "உங்க வீட்டம்மா வேலை பார்க்கிற கம்பெனியில இந்தக் கதையைத்தான் படமா எடுக்கிறாங்களாம். வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்க." அட்டையில் ஒரு வாத்துக்குஞ்சு. ஒரு இறக்கை கோணல். பின்னால் நீளமாக ஒரு ரோடு.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "உன் வாத்து எங்க போகுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"எங்க போகுது? எங்கயும் போகலை. நின்ன இடத்துலேயே நடக்குது."

நிஜமாகவே தெரியவில்லை அவளுக்கு. யாரும் மறைக்கவில்லை. தாள் கட்டு வரும், கூடவே வருகிற குறிப்பு அட்டையில் எந்தக் கால் எந்த வர்ணம் என்று எண் இருக்கும், நிரப்பிக் கொடுத்தால் அடுத்த கட்டு வரும். கதையைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சொல்ல வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலத்திலிருந்து படித்துக் காட்ட ஆரம்பித்தேன். கிடங்கிலிருந்து வந்ததும் குளிக்க வெந்நீர் வைப்பாள். அது காய்கிற வரைக்கும் நான் அலமாரியில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டிக்கொண்டு படிப்பேன். அவள் காய் நறுக்குவாள். என் வேகத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்றாலே பெரிசு.

கதை இதுதான். குளிர்காலம் வருகிறது. வாத்துக்கூட்டமெல்லாம் வெயில் அடிக்கிற தூரத்து ஏரிக்குப் பறக்கப்போகிறது. ஒரு குஞ்சுக்கு இறக்கை கோணல், பறக்க முடியாது. அம்மா வாத்து, "இங்கேயே புதருக்குள் இரு, குளிர் முடிந்ததும் வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறது. குஞ்சு ஒரு நாள் பார்க்கிறது. மறுநாள் நடக்க ஆரம்பித்துவிடுகிறது.

"இருன்னு சொன்னா இருக்க வேண்டியதுதானே? என்ன திமிர்!" என்றாள்.

"நீயா இருந்தா இருப்பியா?"

"நான் வேற."

கொஞ்சம் பொறுத்து, "எவ்வளவு தூரம் நடக்கணும் அது?" என்று கேட்டாள்.

"மலையைத் தாண்டணும். அதுக்கப்புறமும் இருக்குது. நான் இன்னும் அந்தப் பக்கம் வரலை."

"கால்ல தூசி படிஞ்சதுன்னு போட்டிருக்கா?"

"அதெல்லாம் போடலை."

அவள் கத்தியை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்புறம், "வெந்நீர் ஆறுது, எழுந்திருங்க" என்றாள்.

அதற்கப்புறம் அவள் செய்தது எனக்குத் தெரியாது. சொல்லவே இல்லை. குறிப்பு அட்டையில் சொல்லியிருந்த மஞ்சளோடு ஒரு சொட்டுச் சாம்பல் நிறத்தைச் சேர்த்திருக்கிறாள். ஒரு கட்டுக்கு ஒரு கிண்ணம் என்று கலந்ததால், அந்தக் கட்டு முழுக்க ஒரே மாதிரி இருந்திருக்கிறது. அடுத்த கட்டுக்கு இரண்டு சொட்டு. அதற்கடுத்ததற்கு இன்னும் கொஞ்சம். சரிபார்க்கிற ஆள் வர்ணம் படாத ஓட்டை இருக்கிறதா, வழிந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார். இவ்வளவு மெல்ல நிறம் மாறினால் யார் கண்ணிலும் படாது. நான் ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன், அவள் ஒவ்வொரு கட்டாக வாத்தின் காலைத் தூசியாக்கினாள்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தவள், பையைக் கூடத் தோளிலிருந்து இறக்காமல் அப்படியே உட்கார்ந்தாள்.

"என்ன ஆச்சு?"

"தொட்டிக்குப் போகணும் போல இருக்குங்க."

படம் பிடித்தவரைக்கும் மாடியில் திரையில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். படத்தின் டைரக்டர் கீழே இறங்கி வந்து, வர்ண அறை வாசலில் நின்று சத்தம் போட்டாராம். "முட்டையை உடைச்சுக்கிட்டு இப்பத்தான் வெளியே வருது. அதுக்குள்ள சந்தைக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்குது காலு! அப்புறம் மலையைத் தாண்டி வருது, கால் மட்டும் மாப்பிள்ளைக் கால் மாதிரி பளபளங்குது! யாரு வேலை இது?"

விஷயம் இதுதான். கட்டுகள் கதை வரிசையில் வருவதில்லை. மாடியில் எந்தக் காட்சியை வரைந்து முடிக்கிறார்களோ அது முதலில் வரும். மலை முன்னாடியே வந்துவிட்டது. முட்டை போன வாரம்தான் வந்தது. நான் வரிசையாகப் படித்துக்கொண்டு வந்ததால் தாளும் வரிசையாகத்தான் வருகிறது என்று இவள் நினைத்துவிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

கம்பெனி மேலாளரும் கூடவே வந்திருக்கிறார். "யாரைக் கேட்டும்மா கலரை மாத்தினே? அட்டையில தூசி இருக்குதா?"

"அட்டை நடக்கலையே சார்" என்று இவள் சொல்லிவிட்டாள்.

"அப்படியேவா சொன்னே?" என்றேன்.

"வாயில வந்துடுச்சு. அந்தாளு முகம் போன போக்கைப் பார்க்கணுமே. நாளையிலேர்ந்து தொட்டிக்குப் போன்னுட்டாரு."

அப்போது திரும்பிப் படியேறப் போன டைரக்டர் நின்றாராம். "அது அவ்வளவு தூரம் நடக்குதுன்னு உனக்கு யார் சொன்னது?"

"என் வீட்டுக்காரர் படிச்சுக் காட்டினாரு, சார். புத்தகம்."

டைரக்டர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க வேற யாருக்குக் கதை தெரியும்?" என்று கேட்டிருக்கிறார். மூலையில் ஒன்றிரண்டு கைதான் எழுந்தது. மேஸ்திரியம்மாவுக்கே அதிர்ச்சி. "என் பிள்ளைங்களுக்கு நான் சொல்லித்தான் தூங்க வச்சேன். எல்லாருக்கும் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றாராம்.

கடைசியில் டைரக்டர் சொன்னது இது. தப்பான கட்டுகளை எப்படியும் கழுவித்தான் ஆக வேண்டும். கழுவி, பழைய மஞ்சளையே அடிக்கலாம். இல்லையென்றால் வரிசையாக, எங்கே எவ்வளவு தூசி என்று கணக்காகப் போடலாம். "தூசி கதையோட ஒத்துப்போகுதான்னு பார்ப்போம். ஒத்துப்போகலேன்னா பழைய மஞ்சள்தான். அப்ப கால்காரி விஷயத்துலயும் மேலாளர் சொல்றதுதான்."

உடனே மழைக்காரி எழுந்திருக்கிறாள். "அப்ப கால்காரி வீட்டுக்காரரையே வரச் சொல்லுங்க சார். நாங்களும் கேட்கிறோம். இவ தினமும் அவர் படிக்கிறதைப் பத்திப் பீத்திக்கிறா. உண்மையா பொய்யான்னு தெரிஞ்சு போயிடும்."

இதைக் கேட்டதும் நான் நிமிர்ந்தேன். "நான் எதுக்கு? அந்த மேஸ்திரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"நீங்க தண்ணி பட்ட பாடாப் படிப்பீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"ஏண்டி அப்படிச் சொன்னே?"

"பெருமைக்குத்தான்" என்றாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளைக்குக் கிடங்கில் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். மூட்டை இறக்கின கையோடு போனேன். வர்ண அறை வாசலில் கால் வைக்கப் போனவனை ஒரு பெண் குறுக்கே கை நீட்டி நிறுத்தினாள். "அய்யய்யோ, அப்படியே நில்லுங்க! இங்க தூசிதான் எங்களுக்கு முதல் எதிரி. ஒரு பொட்டுத் தூசி தாள்ல விழுந்தா, திரையில பாறாங்கல்லு மாதிரி தெரியும்."

செருப்பு வெளியே போனது. ஈரத்துணி வந்தது. துடைத்தேன். என்ன துடைத்தாலும் குதிகால் வெடிப்பில் இருக்கிற சிமெண்ட் போகுமா? கடைசியில் ஒரு முக்காலியைப் போட்டு, அதற்குக் கீழே செய்தித்தாளை விரித்து, "காலை இதுக்கு வெளியே எடுக்கக் கூடாது" என்று உட்கார வைத்தார்கள். சுற்றிலும் பெண்கள். எல்லார் கையிலும் விரல் நுனி வெட்டின வெள்ளைக் கையுறை. சுவர் முழுக்க வர்ணக் குப்பிகள். டைரக்டர் கரும்பலகைக்குப் பக்கத்தில் சாக்கட்டியோடு நின்றார். நான் நினைத்ததைவிடச் சின்ன வயசு. மேலாளர் நாற்காலியைப் பின்னால் போட்டுக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரி தன் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஆரம்பித்தேன். முதல் வரியிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது.

"மெதுவாவே படிங்க அண்ணே" என்றாள் மழைக்காரி. "வாத்தும் நடந்துதானே போகுது."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு நாக்கு விட்டது.

வீட்டில் ஒரு தடவை கூட்டின பக்கங்கள் என்பதால் வாய் ஓடியது. முட்டை உடைந்தது. கூட்டம் பறந்தது. குஞ்சு நடக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு இடத்திலும் டைரக்டர் என்னை நிறுத்தி, இது இந்த எண் காட்சி என்று சொல்லிப் பலகையில் எழுதுவார். மேஸ்திரியம்மா கிண்ணத்தில் சொட்டு விட்டுக் கலக்கி, பக்கத்தில் ஒரு தீற்று தீற்றுவார். "ரோட்டுல ஒரு சொட்டு. சரியா? மலை அடிவாரம் வரும்போது மூணு."

கொஞ்ச நேரத்தில் ஒரு வேடிக்கை ஆரம்பித்தது. குஞ்சு வழி தெரியாமல் நிற்கிறது, கிணற்றடியில் ஒரு தவளை அதற்கு வழி சொல்கிறது என்று படித்தேன். பின் வரிசையில் ஒருத்தி வாயில் கை வைத்துக்கொண்டாள். "அது வழி சொல்ற தவளையா? நான் இத்தனை நாளா அது வாத்தைத் திங்க வர்றதுன்னு நெனச்சு அதைத் திட்டிக்கிட்டே பச்சை அடிச்சேன்!"

"அந்தக் கிணத்து வாளி என்னுது."

"அப்ப நான் போட்ட செருப்பு யாருது? ஒத்தைச் செருப்பு."

"இருடி, வரும்."

வந்தது. ஒரு பழைய செருப்புக்குள் குஞ்சு ஒரு ராத்திரி படுத்துத் தூங்குகிறது. செருப்பு போட்டவள் எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டாள். மாசக்கணக்காக ஆளுக்கொரு துண்டு கையில் வைத்துக்கொண்டிருந்தவர்கள். என் வாயிலிருந்து ஒவ்வொரு வரி வரவர, அதை ஒருத்தி தன்னுடையது என்று எடுத்துக்கொண்டாள். நான் மூட்டை சுமந்து கட்டின கட்டடம் ஊரில் எத்தனையோ. எதையும் உள்ளே போய்ப் பார்த்தது கிடையாது. அதனால் அவர்கள் முகம் எனக்கு நன்றாகவே விளங்கியது.

மழை வந்தது. மழைக்காரி நிமிர்ந்தாள். "நிறுத்துங்க. என் மழையில நனைஞ்சப்புறம் தூசி எங்க இருக்கும்? சேறுல்ல இருக்கணும்?"

மேஸ்திரியம்மா என் வீட்டுக்காரியைப் பார்த்தார். அவளுக்கும் அது தோன்றியிருக்கவில்லை. "சேறுதான்" என்று ஒத்துக்கொண்டாள். பலகையில் சேறு ஏறியது. அதற்கடுத்த பக்கம் ஆறு. குஞ்சு நீந்திக் கரை ஏறுகிறது.

"போச்சு" என்றார் மேலாளர். "எல்லாம் கழுவிக்கிட்டுப் போயிடுச்சு. பழைய மஞ்சள்தான்."

"ஆத்துக்கு அந்தப் பக்கம் ரோடு இல்லையா சார்?" என்றாள் என் வீட்டுக்காரி. நான் பக்கத்தைத் திருப்பினேன். இருந்தது. காய்ந்து பொரிந்துபோன உப்பு வெளி, கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரைக்கும். டைரக்டர் ஆற்றுக்கு எதிரே சுத்த மஞ்சள் என்று எழுதி, உப்பு வெளியிலிருந்து சொட்டுகளைப் புதிதாக ஏற்றினார். ஏறிக்கொண்டே போயிற்று. மேஸ்திரியம்மா கடைசிக் கிண்ணத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"கால்காரி, இந்தச் சாம்பல் நம்ம அலமாரியில இல்லையேடி. எதைக் கலந்தே?"

"வெள்ளையில கொஞ்சம் கறுப்பு, ஒரு துளி மண் நிறம்."

"எதைப் பார்த்துக் கலந்தே?"

அவள் கீழே பார்த்தாள். அவள் கண் போன இடத்துக்கு எல்லார் கண்ணும் போனது. முக்காலிக்குக் கீழே, செய்தித்தாள்மேல், என் கால். நான் இரண்டையும் உள்ளே இழுத்துக்கொண்டேன். செய்தித்தாள் கரகரவென்று சத்தம் போட்டுக் காட்டிக் கொடுத்தது.

"அடிப்பாவி, கட்டின புருஷனையே வாத்தாக்கிட்டாளே!" என்று மழைக்காரி கத்த, அறை கொல்லென்று சிரித்தது. என் காது சூடாகிவிட்டது. ஆனால் சொல்கிறேன், அந்த மாதிரி ஒரு மரியாதை எனக்கு அதுவரை யாரும் செய்ததில்லை.

மிச்சம் இருந்தது கடைசி இரண்டு பக்கம். வீட்டில் நாங்கள் அதுவரை படித்திருக்கவில்லை. எனக்கும் புதிது.

குஞ்சு ஏரிக்கரைக்கு வந்து சேரும்போது குளிர்காலம் முடிந்துபோயிருக்கிறது. கூட்டம் ஊர் திரும்புவதற்காக வானத்தில் எழும்பிக்கொண்டிருக்கிறது. மேலேயிருந்து அம்மா பார்க்கிறது. கூட்டத்தை விட்டுக் கீழே இறங்குகிறது. ஒன்றும் கேட்கவில்லை. இறக்கையை மடித்துக்கொண்டு, குஞ்சோடு சேர்ந்து, வந்த வழியே வீட்டுக்கு நடக்க ஆரம்பிக்கிறது. அவ்வளவுதான். கடைசிப் படத்தில் இரண்டு வாத்தும் முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டில் போகின்றன.

கடைசி வரியை நான் இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது.

நான் புத்தகத்தை மூடினேன். அப்புறம் அலகுக்காரி, "அப்ப நான் போட்டது என்ன? வாயைப் பொளந்துக்கிட்டு வானத்துல பறக்குதே குஞ்சு!" என்றாள்.

எல்லாரும் டைரக்டரைப் பார்த்தார்கள். "படத்துல பறக்கும்" என்றார்.

"ஏன் சார்? நல்லாத்தானே இருக்குது?"

அவர் சாக்கட்டியைக் கையில் உருட்டினார். "எனக்குச் சின்ன வயசுல இருந்தது இந்த ஒரு புத்தகம்தான். ஒவ்வொரு தடவையும் கடைசிப் பக்கம் வந்ததும், இந்தத் தடவையாவது பறந்துடாதான்னு பார்ப்பேன். அது நடந்தே போகும். அதைப் பறக்க வைக்கணும்னுதான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்."

அதை யாராலும் குறை சொல்ல முடியவில்லை. என்னாலும்தான்.

மேலாளர் எழுந்தார். "நல்லதாப் போச்சு. கடைசியில பளிச்சுனு இருக்கணும். பறக்கும்போது சுத்த மஞ்சள் போட்டுடுங்க. ஏரிதான் பக்கத்துலேயே இருக்குதே, கழுவினதா வச்சுக்கலாம்."

"அது தண்ணியில இறங்கவே இல்லையே சார்" என்றாள் என் வீட்டுக்காரி. "கரையிலேர்ந்துதானே எழும்புது?"

"இறங்கினதா வச்சுக்கோம்மா. யாரு கேட்கப் போறா?"

அவள் கையில் இருந்த பிரஷ்ஷை மேஜைமேல் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள்.

"சார், நீங்க என்னைத் தொட்டிக்கே அனுப்புங்க. போறேன். எனக்குத் தெரியாத இடமா? ஆனா அந்தக் காலை மட்டும் நான் கழுவ மாட்டேன். பறந்துட்டா, அது நடந்ததெல்லாம் இல்லைன்னு ஆயிடுமா?"

மேலாளர் டைரக்டரைப் பார்த்தார். எனக்கு எழுந்து ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. காலை வெளியே எடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

டைரக்டர் போய் அலகுக்காரியின் மேஜையிலிருந்து பறக்கிற தாளை எடுத்தார். இவள் மேஜையிலிருந்து கால் தாளை எடுத்து அதன்மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். வாத்தின் உடம்பு வானத்தில், கால் பின்னால் நீட்டிக்கொண்டு. ரொம்ப நேரம் பார்த்தார். அவர் சின்ன வயசுப் புத்தகம் அவர் கண்ணில் வந்துபோயிருக்கும் என்று நினைக்கிறேன். அது என் யூகம்தான்.

"மேலாளரே, போஸ்டர்ல வேணும்னா கழுவிக்குங்க" என்றார். "படத்துல வேண்டாம்." பலகைக்குப் போய், கடைசிக் காட்சிக்கு எதிரே இருந்ததிலேயே பெரிய சொட்டுக் கணக்கை எழுதினார்.

மேஸ்திரியம்மா பிரஷ்ஷை எடுத்து என் வீட்டுக்காரி கையில் திரும்ப வைத்தார். "உன் கட்டெல்லாம் மேஜைமேல வந்து குவியப் போகுது. முதல்ல உன் ஆளை வெளியே அனுப்பு. அவர் எழுந்தா தூசி பறக்கும்."

அதற்கப்புறம் அந்த அறையே கால் போட்டது. கழுவ வேண்டிய தாள் அவ்வளவு. மழைக்காரி, தன் மழை முடிந்த பிறகு, "இந்த வாத்துக்கு நான்தான் சேறு பூசுவேன்" என்று அடம் பிடித்து இரண்டு கட்டு வாங்கிக்கொண்டாளாம். வீட்டுக்கு வந்தால் இவள் கையில் சாம்பல் கோடு கோடாக இருக்கும். யார் யாரைப் பார்த்துக் கலர் எடுத்தார்கள் என்று சொல்ல முடியாதபடி நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

படம் வந்தபோது கம்பெனி ஆட்களுக்குக் குடும்பத்தோடு இடம் கொடுத்தார்கள். குடும்பம் என்று சொல்லி எங்கள் எழுத்து வகுப்பு முழுக்க என் பின்னால் வந்துவிட்டது. முன் வரிசை எல்லாம் குழந்தைகள். தவளைக்குக் கைதட்டினார்கள். செருப்புக்குச் சிரித்தார்கள். உப்பு வெளியில் ஒரு சத்தம் இல்லை. ஏரிக்கரையில் குஞ்சு ஓடி ஓடி, கோணல் இறக்கையை விரித்து எழும்பியபோது, கரடி எலிக்குக் கூலி கொடுத்ததா என்று கேட்டவன் என் விலாவில் இடித்தான்.

"டேய். அந்தக் காலைப் பாரு. அது நம்ம கிடங்குக் கலருடா."

"தெரியும்" என்றேன்.

"எப்படித் தெரியும்?"

நான் அவனுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இந்தப் பக்கம் திரும்பினால், என் வீட்டுக்காரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஒரு தாள்ல விரல் இடுக்குல ஓட்டை விட்டிருக்கேன். பார்த்தீங்களா?"

"இல்லையே."

"இவ்வளவு பெரிசா இருக்குது. அப்ப எதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தீங்க?"

முன்னால் உட்கார்ந்திருந்த மேஸ்திரியம்மா திரும்பினார். "உஸ். புருஷன்கிட்ட அப்புறம் சண்டை போடு. திங்கக்கிழமை வேளையோட வந்து சேரு. அடுத்தது யானைக் கதை. நாலு காலும் உனக்குத்தான்."

என் வீட்டுக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப தும்பிக்கை யாருக்கு?" என்றாள்.